ஒரு திர்ஹம் உணவுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு

 



மதீனாவில் அன்ஸாரிகளில் ஒருவர் வறுமை தாளாமல் பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகம் வந்து உதவி கேட்டார். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நாயகம் அவர்கள் விசாரித்தார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு மரக்கிண்ணமும் உண்டென்றார் அவர். இரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் திருக்கரத்தில் ஏந்திச் சபையிலேயே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். அதற்கு மேல் தருபவர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹத்தை நாயகம் அவர்கள் எப்படிப் பங்கிட்டார்கள் என்பதே இன்று நாம் கவனிக்க வேண்டிய பாடம். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கி வீட்டாரிடம் சேர்த்துவிடும்படியும், மற்றொரு திர்ஹத்துக்கு ஒரு கோடரி வாங்கித் தம்மிடம் கொண்டுவரும்படியும் அவருக்குக் கட்டளையிட்டார்கள். கோடரி வந்ததும் அதற்குத் தம் கையாலேயே பிடி பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படாதிருக்கும்படியும் சொல்லியனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்துத் திர்ஹம் இருந்தது. சிலவற்றுக்குத் துணியும் சிலவற்றுக்கு உணவும் வாங்கினார். அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதில் இந்த ஹதீஸ் பதிவாகியிருக்கிறது.

யாசகத்தைக் கண்டிக்கும்போது இந்த ஹதீஸை நாம் அடிக்கடி கேட்கிறோம். உழைத்துப் பிழை என்று ஏழைக்கு எடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். உதவி செய்கிறவனுக்கும் இதில் உபதேசம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். கோடரி மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வீட்டில் பிள்ளைகள் பசியால் அழுதிருப்பார்கள். அன்று மாலையே அந்தக் கோடரி விலைக்குப் போயிருக்கும். ஆகவே முதல் திர்ஹம் அடுப்புக்கு; இரண்டாவது திர்ஹம் கருவிக்கு.

நம் காலத்தில் ஏழைப் பிள்ளையின் கையில் நாம் கொடுக்கக்கூடிய கோடரி கல்விதான். அந்தக் கோடரிக்குப் பணம் கொடுக்க இன்று பலர் முன்வருகிறார்கள். அடுப்புக்குக் கொடுப்பவர்கள்தாம் குறைவு.

ரசீதில் எழுதாத செலவு

ஆரணியைப் பாருங்கள். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். அங்கே ஒரு சேலை தறியிலிருந்து இறங்குவதற்குள் எத்தனை கைகள் அதில் படுகின்றன! பாவு பிணைக்க ஒரு கை, தார் சுற்ற ஒரு கை, நாடா ஓட்ட ஒரு கை. நெசவாளி பெயரில் கூலி எழுதப்பட்டாலும் அது குடும்பமே சேர்ந்து வாங்கும் கூலி. அரிசி மண்டியில் மூட்டை சுமப்பவர் வீடும், தையல் எந்திரம் மிதிப்பவர் வீடும் அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் அந்த வீட்டில் ஒரு சம்பாதிக்கும் கை.

அவன் கல்லூரிக்குப் போகிறான் என்றால் வீட்டுக்கு இரண்டு செலவு. கல்லூரிக்குக் கட்டும் பணம் ஒன்று. அவன் கை நின்றுபோவதால் குறைகிற கூலி மற்றொன்று. முதலாவதற்கு ரசீது உண்டு. இரண்டாவதற்கு ரசீதே கிடையாது. இதற்கு மேல் பஸ் செலவு, மதியச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, மாற்று உடுப்பு, வெளியூரானால் விடுதிச் சாப்பாட்டுச் செலவு என்று மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும்.

படிப்பதற்கு இடமில்லாமல் இல்லை. ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஆற்காட்டை அடுத்த மேல்விஷாரத்தில், 1918இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1965இல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியை நிறுவினார்கள். வாணியம்பாடியில் 1919 முதலே இஸ்லாமியாக் கல்லூரி நடந்து வருகிறது. தோல் வியாபாரத்தில் அல்லாஹ் கொடுத்த பொருளைக் கல்விக்குத் திருப்பிய அந்த முன்னோர்களின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர்கள் கட்டடம் எழுப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடத்துக்குள் மூன்று வருடம் ஒரு பிள்ளையை நிறுத்தி வைப்பது நம் தலைமுறையின் கடமை.

பல ஜமாஅத்துகளில் என்ன நடக்கிறது? ஜூன் மாதம் முதல் தவணைக் கட்டணம் கட்டிக் கொடுக்கிறோம். நவம்பரில் அந்தப் பையன் தறியில் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், படிப்பில் நாட்டமில்லை என்கிறோம். அவனுக்கு நாட்டம் இல்லாமல் இல்லை. மதியச் சாப்பாடு இல்லை. நம் கணக்குப் புத்தகத்தில் அது கல்வி உதவியாக எழுதப்பட்டிருக்கிறது. அல்லாஹ்வின் ஏட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நாம் அஞ்ச வேண்டாமா?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கடமன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும், குறைந்த கட்டணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கும் சமுதாயக் கல்லூரிகளில், கட்டணத்தைவிட வாடகையும் சாப்பாடும்தான் ஏழை மாணவனை அழுத்துகின்றன. 1972இல் அந்நாட்டு அரசு ஏற்படுத்திய, பின்னர் செனட்டர் பெல் அவர்களின் பெயரால் வழங்கலான உதவித்தொகையில், கல்லூரிக்குச் சேர வேண்டியது போக மிஞ்சியதை மாணவன் தன் ஜீவனத்துக்குச் செலவிடலாம். உலக அனுபவம் இப்போது கற்றுக்கொண்ட இந்தப் பங்கீட்டை மஸ்ஜிதுந் நபவீயில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நாயகம் (ஸல்) அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

அந்த மஸ்ஜிதின் திண்ணையில் தங்கி மார்க்கம் கற்ற திண்ணைத் தோழர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வீடும் இல்லை, பொருளும் இல்லை. அவர்களின் உணவை நாயகம் அவர்கள் ஊராரிடையே பங்கிட்டார்கள். இருவருக்கு உணவுள்ளவர் மூன்றாமவரை அழைத்துச் செல்லும்படி ஏவினார்கள். தாமும் பத்துப் பேரை அழைத்துச் சென்றார்கள் என்று புகாரியில் காண்கிறோம். மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு வீட்டு முறை வைத்துச் சோறு கொடுத்த நம் ஊர் வழக்கமும் அந்தச் சுன்னத்தின் நிழல்தான். அது கல்லூரிப் பிள்ளை வரைக்கும் நீளக் கூடாதா?

பட்டு வியாபாரியும் அவர் மாணவரும்

பட்டு நெய்யும் ஊருக்கு ஒரு பட்டு வியாபாரியின் வரலாறு பொருத்தமாயிருக்கும். இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுக் கலந்த உயர்ந்த துணிகளை விற்ற பெரும் வணிகர். அவர்களின் பாட சபைக்கு ஓர் ஏழை வாலிபர் வந்துகொண்டிருந்தார். அவரை வேலைக்கு அனுப்பினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை. வீட்டார் தடுத்ததால் அவர் சில நாட்கள் வரவில்லை. இமாமவர்கள் அதைக் கவனித்தார்கள், காரணம் விசாரித்தார்கள். பாடம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு அவர் கையில் ஒரு பணப்பையைக் கொடுத்தார்கள். அதில் நூறு திர்ஹம் இருந்தது. பாடத்துக்குத் தவறாமல் வரும்படியும், தீர்ந்ததும் தெரிவிக்கும்படியும் சொன்னார்கள். ஆனால் அவர் தெரிவிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பணம் தீரும் சமயத்தில் அடுத்த பை தானாக வந்துவிடும் என்று அவரே பிற்காலத்தில் கூறியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

அந்த வாலிபர்தாம் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள். கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் நாட்டின் தலைமைக் காழியாக வீற்றிருந்தவர்கள். ஹனஃபி மத்ஹபு உலகெங்கும் பரவியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. கூஃபாவில் ஒரு வியாபாரி சரியான சமயத்தில் ஒரு வீட்டின் அடுப்பைப் பார்த்துக்கொண்டதன் பலனைக் கோடானுகோடிப் பேர் இன்றும் அனுபவிக்கிறோம்.

இமாமவர்கள் மூன்று காரியங்கள் செய்தார்கள். வராத மாணவரைத் தேடினார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் கொடுத்தார்கள். மீண்டும் வாய் திறந்து கேட்கும்படி வைக்கவில்லை. நம் ஜமாஅத்துகள் கல்வி உதவிக்குச் சட்டதிட்டம் வகுக்க நினைத்தால் இந்த மூன்றே போதும்.

ஜகாத்தை எப்படிக் கொடுப்பது?

கல்லூரிப் பிள்ளைக்கு ஜகாத் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயத்தில் அல்லாஹ் வரையறுத்திருக்கிறான். அவர்களில் முதல் இரண்டு வகையினர் ஏழைகளும் வறியவர்களுமே. மாணவன் ஏழையாயிருந்தால் அந்த வகையில் அவனுக்குக் கொடுக்கலாம். ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி சிலவற்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஷாஃபி மத்ஹபினர் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

ஒன்று: பருவமடைந்த பிள்ளைக்கு அவனுடைய சொந்தப் பொருளைக் கொண்டே கணக்கு. அத்தியாவசியத் தேவை போக, ஐம்பத்திரண்டரை தோலா வெள்ளியின் மதிப்பளவுக்கு அவனிடம் பொருள் இல்லையென்றால் அவன் ஜகாத் பெறத் தகுந்தவன். குடியிருக்கும் வீடும், நெய்யும் தறியும், படிக்கும் புத்தகமும் அந்தக் கணக்கில் சேரா. தறி இருக்கிறதே, இவன் எப்படி ஏழையாவான் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

இரண்டு: ஜகாத் பொருள் ஏழையின் உடைமையாக வேண்டும். ஆகவே பணத்தை மாணவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அல்லது தன் சார்பாகக் கல்லூரியிலும் விடுதியிலும் கட்டும்படி அவன் ஒருவரைப் பொறுப்பாக்கட்டும். கல்லூரிக் கட்டடம் கட்ட ஜகாத்தைக் கொடுத்தால் அது நிறைவேறாது.

மூன்று: தான் பெற்ற பிள்ளைக்கும் பேரனுக்கும் ஜகாத் செல்லாது. ஆனால் ஏழையான சகோதரன் மகனுக்கும், சகோதரி மகளுக்கும் செல்லும். தர்மத்தின் நன்மையும் உறவைச் சேர்ந்திருந்த நன்மையுமாக இரட்டிப்பு நன்மை உண்டு. வெளியூர்க் கல்லூரிக்கு உதவி எழுதுகிற நாம், சொந்தத் தங்கை மகள் ஏன் படிப்பை நிறுத்தினாள் என்று கேட்டோமா?

நான்கு: கொடுக்கும்போது இது ஜகாத் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. மனத்தில் நிய்யத் போதும். படிப்புக்கு வைத்துக்கொள் தம்பி என்று சொல்லிக் கொடுத்தாலே கடமை நிறைவேறிவிடும்.

ஐந்து: பக்கத்துத் தறியில் நெய்யும் பிற சமயத்துச் சகோதரரின் பிள்ளை படிக்க முடியாமல் நின்றால், அதற்கு ஜகாத் செல்லாவிட்டாலும் உபரியான தர்மம் தாராளமாகச் செல்லும். அண்டை வீட்டாரின் உரிமையை இஸ்லாம் சமயம் பார்த்துப் பிரிக்கவில்லை.

இனி ஒரு முக்கியமான விஷயம். நாம் ஜகாத்தை ரமளானில் கொடுக்கிறோம். ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னுக்கு வந்துகொண்டிருக்கும். கல்லூரி திறப்பதோ ஜூன், ஜூலை மாதங்களில். ரமளானில் குவியும் பணம் ஷவ்வாலில் தீர்ந்துவிட்டால், அட்மிஷன் சமயத்தில் பிள்ளையின் கைக்கு என்ன வரும்? மார்க்கம் இதற்கு வழி வைத்திருக்கிறது. நிஸாப் உள்ளவர் வருடம் பூர்த்தியாகுமுன்பே முன்கூட்டி ஜகாத் கொடுக்கலாம். அப்பாஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். ஆகவே தனவந்தர் ஒருவர் ஜூன் மாதத்திலிருந்தே மாதாமாதம் ஒரு மாணவனுக்குக் கொடுத்து வரலாம். கொடுக்கும்போதே ஜகாத் என்ற நிய்யத்தோடு கொடுத்துக் குறித்து வைத்துக்கொண்டு, வருடம் முடிந்ததும் மொத்த ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அந்தப் பிள்ளைக்கோ பன்னிரண்டு மாதமும் அடுப்பெரியும்.

கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதும், மனத்தைப் புண்படுத்துவதும் தர்மத்தையே அழித்துவிடும் என்று அல்லாஹ் பகரா அத்தியாயத்தில் எச்சரிக்கிறான். மேடை போட்டு, மாணவியை நிற்க வைத்து, காசோலையை நீட்டிப் படம் பிடிக்கிறோமே, அந்தப் படத்தைப் பத்து வருடம் கழித்து அவளுடைய மாமியார் வீட்டார் பார்க்க நேர்ந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? கேட்காமலும் காட்டிக்கொள்ளாமலும் இருக்கும் ஏழைகளை, விவரம் அறியாதவன் செல்வந்தர் என்று எண்ணிவிடுவான் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை துவைத்த சட்டையோடுதான் போவான். சட்டையைப் பார்த்து அவன் வயிற்றை அளக்காதீர்கள்.

வட்டியின் வாசல்

நாம் கொடுக்காவிட்டால் அந்த வீடு எங்கே போகும்? தாயின் நகை அடகுக் கடைக்குப் போகும். பிறகு கந்துவட்டிக்காரரிடம் போகும். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே போடப்பட்டும் அந்தக் கொடுமை ஒழிந்தபாடில்லை. அல்லது நெசவு முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்த முன்பணம் தீரும்வரை தறி அவருக்குக் கட்டுப்பட்டது. முன்பணத்துக்கு ஈடாகச் சிறு பிள்ளைகளே தறியில் உட்கார்ந்த காலம் காஞ்சிபுரம், ஆரணி வட்டாரத்தில் இருந்ததை யார் மறுக்க முடியும்? வங்கியின் கல்விக் கடனில் திருப்பிக் கட்டத் தவணை இருந்தாலும் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது. வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிற நாம், வட்டியில்லாத ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு முழங்கினால் அந்தச் சொல்லுக்கு வலிமை இருக்கும்.

அந்த வாசலின் பெயர் கர்ளன் ஹஸனா, அழகிய கடன். ஜகாத் பெறும் அளவுக்கு ஏழையல்லாத, ஆனால் கையில் ரொக்கமில்லாத குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983இல் ஒரு கல்வி உதவித் திட்டம் தொடங்கியது. அதன் உறுப்பு நாடுகள் அல்லாத நாடுகளில் சிறுபான்மையாக வாழும் முஸ்லிம் மாணவர்களுக்கென வகுத்தது அது. நம் இந்திய மாணவர்களும் அதில் பயனடைந்தார்கள். அதன் முறை அழகானது. மாணவனுக்கு அது வட்டியில்லாக் கடன். அவன் சமுதாயத்துக்கோ நன்கொடை. படித்து வேலைக்குப் போனதும் அவன் திருப்பிக் கட்டும் பணம் வங்கிக்குப் போகாமல், அவனுக்குப் பின்னால் வரும் ஏழை மாணவனுக்குப் போய்ச் சேரும். இதைச் செய்ய ஜித்தாவின் செல்வம் வேண்டியதில்லை. பத்து வியாபாரிகள் ஆளுக்கொரு தொகை போட்டு ஓர் ஊர் ஜமாஅத்தே செய்யலாம். கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இறை கட்டளையே. கடனாளி சிரமத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள். அதுவும் இறை கட்டளையே.

அரசின் உதவி

அரசு கொடுக்கும் உதவியைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை. அது குடிமக்களுக்குரிய பங்கு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டன. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் 2021இல் ஒதுக்கப்பட்டது. அப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் உதவித்தொகைகளோ காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் பெல்லோஷிப் 2022இல் நிறுத்தப்பட்டது. ஆகவே ஆண்டுதோறும் புதிதாக விசாரித்து, கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்.

கோடரிக்கு நாயகம் அவர்களே பிடி பொருத்திக் கொடுத்தார்கள் அல்லவா? எழுதப் படிக்கத் தெரியாத தாய் வருமானச் சான்றிதழுக்கும், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும், வங்கிக் கணக்குக்கும் இ-சேவை மையத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் அலைகிறாளே, அவளுடன் படித்த வாலிபர் ஒருவர் அரை நாள் நடந்தால் அதுவே பிடி பொருத்துவது. பொருள் இல்லாதவரும் செய்யக்கூடிய தர்மம் இது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வருமானத்தைக் குறைத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கிப் பெறும் உதவித்தொகை ஹலாலாகாது. அது இன்னொரு ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்த சோறு.

மாணவச் செல்வங்களே!

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பதினைந்து நாள் கண்ணில் படாதே என்ற கட்டளை உங்களுக்குரியது. வாங்கிய உதவியை வைத்து வேலையில் மூழ்குங்கள். படிப்புக்குத் தந்த பணம் படிப்புக்கும் வயிற்றுக்கும் மட்டுமே உரியது என்று நினைத்துச் செலவிடுங்கள். கடனாக வாங்கியிருந்தால் முதல் சம்பளத்திலிருந்தே திருப்பத் தொடங்குங்கள். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதையும், அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததையும் மறவாதீர்கள். ஜகாத்தாக வாங்கியிருந்தால் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறும் நாளை நோக்கி உழையுங்கள். அந்த அன்ஸாரித் தோழர் பத்துத் திர்ஹத்தோடு வந்து நின்ற கோலத்தில் நீங்களும் ஒருநாள் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் வந்து நில்லுங்கள்.

சகோதரர்களே! பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்திலேயே உங்கள் மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று கணக்கெடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணம் எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு, வீட்டில் குறையும் கூலி எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். வசதியுள்ள ஒவ்வொரு வீடும் ஒரு பிள்ளையை, பட்டம் வாங்கும்வரை, மாதாமாதம், சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளட்டும். ஜூன் மாதம் கொடுத்தோமே என்று இருந்துவிடாமல், நவம்பரில் ஒருமுறை அந்தப் பிள்ளை கல்லூரியில் இருக்கிறானா என்று போய்ப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான உணவையும் தந்தருள்வாயாக! கொடுப்பவர்களின் பொருளில் பரக்கத்தும், பெறுபவர்களின் மனத்தில் கண்ணியமும் நிலைக்கச் செய்வாயாக! வட்டியின் வாசலை எங்கள் வீடுகளுக்கு அடைத்துவிடுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.